வானத்திலிருந்து தெரியாத தெரு

ஆட்டோக்காரர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் மலாய் மொழியில் இருந்தது.

"சுடா மக்கான், அடிக்?"

சாப்பிட்டாச்சா தங்கச்சி என்று அர்த்தம். கிள்ளானில் எங்கள் தெருமுனையில் சோற்றுப் பொட்டலம் விற்கும் அம்மாள் தினமும் கேட்கிற கேள்வி. அதையே காரைக்கால் பேருந்து நிலையத்தில், கைலியும் வெள்ளைச் சட்டையுமாக நின்ற ஒருவர் கேட்டதும் திகைத்துப்போய் "பெலும்" என்று சொல்லிவிட்டேன். இன்னும் இல்லை என்று அர்த்தம். அவ்வளவுதான், என் பெட்டி ஆட்டோவில் ஏறிவிட்டது. பெட்டியில் ஒட்டியிருந்த கோலாலம்பூர் விமானச் சீட்டை அவர் தூரத்திலேயே படித்திருக்கிறார்.

பெயர் ஜபருல்லா. கோலாலம்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பல வருடம் தேநீர் ஆற்றியவர். நான் "பாய்" என்று கூப்பிட்டதும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"பாய்னு மெட்ராஸ்காரங்கதாம்மா கூப்புடுவாங்க. இங்கன அண்ணன நானான்னு சொல்லுவோம். நீங்களும் நானான்னே கூப்புடுங்க. என்ன ஜோலியா வந்தீங்க?"

"வெள்ளம் பாக்க வந்தேன், நானா."

"இப்ப வெள்ளம் ஒண்ணும் இல்லியே."

"வந்தா எங்க நிக்கும்னு பாக்க."

அவர் ஒரு சிக்னல் முழுக்க யோசித்தார். சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் கையைக் காட்டியதும் வண்டியை எடுத்துக்கொண்டே சொன்னார்: "அப்ப நீங்க ஜோசியக்காரங்க."

மறுக்க முடியவில்லை. ஷா ஆலமில் எங்கள் அலுவலகத்தில் நாங்கள் செய்வது ஏறக்குறைய அதுதான். ரேடார் செயற்கைக்கோள் எடுக்கும் படங்களை வாங்கிக்கொள்வோம். அதற்கு மேகம் ஒரு பொருட்டில்லை, கொட்டுகிற மழையிலும் கீழே பார்க்கும். அது அனுப்பும் அலை கரடுமுரடான நிலத்தில் பட்டால் சிதறி, கொஞ்சம் திரும்பி வரும். தண்ணீரில் பட்டால் கண்ணாடியில் பட்டதுபோல வேறு பக்கம் சறுக்கிப் போய்விடும், திரும்பி வராது. அதனால் படத்தில் தண்ணீர் கறுப்பாகத் தெரியும். பழைய மழைக்காலப் படங்களையும் நிலத்தின் மேடுபள்ளக் கணக்கையும் சேர்த்து, இவ்வளவு மழை பெய்தால் இன்ன இடத்தில் தண்ணீர் நிற்கும் என்று கணினியைச் சொல்ல வைப்போம். தண்ணீர் நிற்கும் இடத்துக்குச் சிவப்பு. பயமில்லாத இடத்துக்கு வெள்ளை.

அரசலாற்றின் கடைசிப் பகுதிக்கு இப்படி ஒரு வரைபடம் வேண்டும் என்று ஒரு தொண்டு அமைப்பு கேட்டிருந்தது. வெள்ளம் வந்தால் ஆட்களும் ஆடுமாடுகளும் ஏறி நிற்க ஓர் உயரமான கட்டடம் கட்டப் போகிறார்கள். எங்கே கட்டுவது என்பதை எங்கள் வரைபடம் சொல்ல வேண்டும். படம் தயார். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஊரைச் சுற்றி, சரியா தப்பா என்று பார்ப்பதுதான் என் வேலை. ஆற்றின் ஒவ்வொரு வளைவும் எனக்கு மனப்பாடம். ஆனால் அதன் தண்ணீர் என்ன நிறம் என்றுகூட எனக்குத் தெரியாது.

பழுப்பு நிறம். பால் அதிகம் விட்ட தேநீர் மாதிரி.

முதல் நாள் சாப்பாட்டிலேயே போய்விட்டது. ஜபருல்லா நானா ஒரு தள்ளுவண்டிக்கு முன்னால் நிறுத்தி, "பசியாறுங்க" என்றார். காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுவது என்று மலேசியாவில் நாங்கள் சொல்வோம். இந்தியாவுக்குப் போனால் அந்தச் சொல்லைப் பெட்டியில் மடித்து வைத்துவிட வேண்டும் என்று அம்மா எச்சரித்திருந்தாள். இங்கே அதுவே என்னை வரவேற்றது. தட்டில் வந்தது வாடா. அரிசிமாவில் வெங்காயம் வைத்து, நடுவில் ஓர் இறாலைப் பதித்துப் பொரித்தது. எங்கள் ஊர் இறால் வடையும் கிட்டத்தட்ட இதேதான். "எங்க ஊர் வடை இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கடைக்காரர் தட்டில் இன்னும் இரண்டைப் போட்டார்.

இரண்டாம் நாள் கீழவாஞ்சூர். எங்கள் படத்தில் அங்கே துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு கறுப்புத் திட்டு, பெரிய ஏரி மாதிரி. வேறெந்த வரைபடத்திலும் அப்படி ஓர் ஏரி இல்லை. அதைத் தேடிப் போனோம். நிலக்கரி லாரிகளுக்கு நடுவில் ஆட்டோ மாட்டிக்கொண்டது. முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று. பக்கத்து லாரியின் தார்ப்பாய் காற்றில் படபடவென்று அடிக்க, ஏரியைத் தேடி வந்த நான் அடுப்பூதினவள் மாதிரி ஆகிவிட்டேன். கடைசியில் ஏரியைக் கண்டுபிடித்தோம். லாரிகள் நிறுத்துவதற்காகச் சமமாகத் தார் போட்ட பெரிய திடல். வழுவழுப்பான தரையும் ரேடாருக்குத் தண்ணீர் மாதிரிதான் தெரியும். நானா இறங்கி, திடலில் காலைத் தட்டிப் பார்த்தார்.

"முழங்கால் ஆழம்கூட இல்லியேம்மா இந்த ஏரி."

மூன்றாம் நாள் கோட்டுச்சேரிமேடு. கடல் உயரும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் போகாமல் எவ்வளவு தூரம் பின்வாங்கி நிற்கிறது என்று நான் பார்க்க வேண்டும். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டேன். ஒருவர் சவுக்குத்தோப்பு வரைக்கும் என்றார். இன்னொருவர் அதெல்லாம் இல்லை, பாலம் வரைக்கும் என்றார். மூன்றாவது ஆள், நீங்க ரெண்டு பேரும் அன்னிக்கி ஊர்லயே இல்லியே என்றார். அந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தபோதே முதலாமவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, ஒங்க சாட்டிலைட்டுக்கு எல்லாம் தெரியுமா?"

"எல்லாம்னு இல்லீங்க. கொஞ்சம் தெரியும்."

"போன வாரம் என் வலை அறுத்துக்கிட்டுப் போச்சு. எங்க கெடக்குன்னு கேட்டுச் சொல்றீங்களா?"

தெரியாது என்று சொன்னதும் அவருக்குச் செயற்கைக்கோள் மேல் இருந்த மரியாதை போய்விட்டது. ஆனாலும் கிளம்பும்போது கையில் ஒரு பை நிறைய மத்தி மீனைக் கொடுத்து அனுப்பினார்.

அந்த மத்தியோடுதான் வரிச்சிக்குடிக்குப் போனேன். அங்கே செல்வராணி வீட்டில் எனக்குத் தங்குமிடம், எல்லோருக்கும் அவள் செல்வி. காரைக்காலில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், தொண்டு அமைப்புக்கு அந்தப் பக்கத்தில் எல்லா உதவியும் அவள்தான். அவள் கணவர் முருகையன் சம்பா நட்டிருந்தார். வீடு வாய்க்கால்கரைத் தெருவில். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் நெருக்கமாக வீடுகள், அதற்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்.

"நீங்க ஏங்க்கா டிவில செய்தி வாசிக்கிற மாதிரியே பேசுறீங்க?" என்றாள் மீன் கழுவிக்கொண்டே. எங்கள் தமிழ்ப்பள்ளி வாத்தியார்கள் மேல் பழியைப் போட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் மடிக்கணினியைத் திறந்து வரைபடத்தைக் காட்டினேன். முதலில் தன் வீட்டைத் தேடினாள், எல்லோரும் அதைத்தான் தேடுவார்கள். கண்டுபிடித்ததும் முகம் மாறியது.

"எங்க தெரு வெள்ளையா இருக்கே?"

"வெள்ளைன்னா நல்லது, செல்வி. தண்ணி வராதுன்னு அர்த்தம்."

"தண்ணி வராதா?" அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கலா எட்டிப் பார்த்தாள். "கலா, இங்க வாயேன். நம்ம தெருவுல தண்ணி வராதாம். மலேசியாலேர்ந்து சொல்லி அனுப்பியிருக்காங்க."

அரைமணியில் தெருவே கூடிவிட்டது. இதுவரை வந்ததிலேயே பெரிய வெள்ளத்தில் தண்ணீர் எதுவரைக்கும் வந்தது என்று கேட்டேன். ஒருவர் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். இன்னொருவர் இடுப்பைக் காட்டினார். இடுப்பைக் காட்டியவர் குள்ளம், முழங்காலைக் காட்டியவர் நல்ல உயரம் என்று கலா கண்டுபிடித்துச் சொன்னதும் ஒரே சிரிப்பு. எங்கள் வீட்டிலும் ஒரு வருடம் வெள்ளம் வந்து ஃபிரிட்ஜ் மிதந்தது என்றேன். "மிதக்கத்தான செய்யும்? எங்களுது தெருவுக்கே போயிடிச்சி" என்றாள் செல்வி.

பேச்சை வைத்துப் படத்தை மாற்ற முடியாது. யாரிடமாவது போட்டோ இருக்கிறதா என்று கேட்டேன். கலா தன் கல்யாண வீடியோவைக் கொண்டுவந்தாள். போன மழைக்காலத்தில் நடந்த கல்யாணம். கணுக்கால் தண்ணீரில் மாப்பிள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருகிறார். தவில்காரர் தவிலைத் தலையில் வைத்திருக்கிறார். கலாவின் அம்மா ஒரு கையால் மகளின் பட்டுப் புடவைக் கொசுவத்தையும் இன்னொரு கையால் தன் புடவையையும் பிடித்துக்கொண்டு யாரையோ திட்டுகிறாள். பின்னால் இதே தெரு.

ஆகவே தண்ணீர் வந்தது உண்மை. பிறகு படத்தில் ஏன் இல்லை? காரணம் எனக்குத் தெரியும். வீடுகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் ரேடார் அலை தண்ணீரில் சறுக்கி, சுவரில் மோதி, மறுபடி மேலேயே போய்விடும். வெள்ளத்தில் நிற்கும் தெரு படத்தில் பளீரென்று, காய்ந்த இடம் மாதிரி தெரியும். இதை நான் அறிக்கையில் அடிக்குறிப்பாக, சின்ன எழுத்தில் போட்டிருந்தேன். அந்த அடிக்குறிப்பில் கலாவும் அவள் அம்மாவும் குடியிருக்கிறார்கள் என்று அப்போது தெரியாது.

இதற்கிடையில் இருசக்கர வண்டி ஒன்று வந்து நின்றது. குணசேகரன். காரைக்காலில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். செல்விக்குச் சித்தப்பா மகன், அண்ணன் முறை. தெருவின் கோடியில் இந்தக் கோடையில்தான் ஒரு வயலை மணல் கொட்டி மேடாக்கி, மனை போட்டிருந்தார். யாரோ போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார்கள்.

"மேடம், என் மனையச் செவப்பா போட்டிருக்கீங்களாமே?"

போட்டிருந்தேன். இந்த வருடப் படங்களில் அந்த இடம் கறுகறுவென்று இருந்தது.

"அங்க என் தங்கச்சிக்கு வூடு கட்டப் போறேங்க. ஒங்க படத்தப் பாத்தா பேங்குல லோன் குடுப்பானா? எங்க மனைல சொட்டுத் தண்ணி நிக்காது."

"இன்னும் ஒரு மழையே பாக்கலியேண்ணே, எப்புடித் தெரியும்?" என்றாள் செல்வி.

"நீ சும்மா இரு செல்வி. வரப்போற கட்டடத்த ஒங்க தெருவுக்குக் கொண்டுவரணும்னு நீங்கல்லாம் சேந்து தண்ணி வருதுங்குறீங்க."

அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒரு பக்கம் சிவப்பு வேண்டும் என்கிறவர்கள், மறுபக்கம் வேண்டாம் என்கிற ஒருவர். நடுவில் கலர் பென்சிலோடு நான்.

வெளியே போய் ஷா ஆலமுக்குப் போன் பண்ணினேன். என் மேலதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு மலாயில் சொன்னார்: "ஆட்கள் சொல்வதையெல்லாம் வரைந்தால் அது வரைபடம் இல்லை, மனு. கல்யாண வீடியோவில் கணுக்கால் தண்ணீர்தானே? அளந்து கொண்டு வா, மாற்றலாம்."

எதை அளப்பது? வெயில் அடித்துக்கொண்டிருந்தது. திரும்பிப் போக வேண்டிய நாளும் நெருங்கிவிட்டது. இந்தப் படம் இப்படியே போனால் கட்டடம் வேறு ஊருக்குப் போகும், கலாவின் தெரு வெள்ளையாகவே இருந்துவிடும்.

மறுநாள் மழை வந்தது. வங்கக் கடலில் தாழ்வுநிலை என்று காலையில் டிவியில் சொன்னார்கள். மத்தியானத்தில் வானம் வயலோடு ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊர் மழை அடித்துவிட்டு ஓடிவிடும். இந்த மழை உட்கார்ந்து பெய்தது. நான் மடிக்கணினியில் பார்த்தேன். செயற்கைக்கோள் அடுத்த முறை இந்த ஊருக்கு மேலே போவது மறுநாள் விடியும்போது.

செல்வியிடம் சொன்னேன். "அது போற அதே நேரத்துல தெருவுல தண்ணி எவ்வளவு இருக்குன்னு எல்லா வீட்டுச் செவுத்துலயும் அடையாளம் வைக்கணும். அப்புறம் அதுக்குத் தெரிஞ்சதையும் நமக்குத் தெரிஞ்சதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டிடலாம்."

"எதால அடையாளம் வைக்கிறது? சாக்பீஸ் கரைஞ்சிடுமே." கொஞ்சம் யோசித்தாள். "நெயில் பாலிஷ்."

வீட்டுக்கு ஒரு புட்டி. இல்லாத வீட்டுக்குக் கலா கொடுத்தாள், கல்யாணத்தில் வந்தது அவளிடம் ஏகப்பட்டது இருந்தது.

விடிந்தபோது வாசற்படிக்குக் கீழே தெரு இல்லை, பழுப்புத் தண்ணீர்தான் இருந்தது. இறங்கினால் தொடை வரைக்கும். ஜபருல்லா நானா ஆட்டோவை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஃபிளாஸ்க்கில் தேநீரோடு நடந்து வந்திருந்தார். "பாஞ்சிர் பெசார்!" என்று தூரத்திலிருந்தே கத்தினார். பெரிய வெள்ளம். அது எனக்கே தெரிந்தது.

ஒவ்வொரு வாசலிலும் ஒருவர், ஒரு கையில் குடை, இன்னொரு கையில் நெயில் பாலிஷ். எல்லோரும் மேலே பார்த்தார்கள். மேகத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

"வந்திடிச்சாக்கா?"

"இன்னும் இல்ல."

"நம்மளத் தெரியுமா அதுக்கு? தல சீவாம நிக்கிறனே" என்றாள் கலாவின் அம்மா.

"இப்ப! இப்பப் போகுது!" என்று கத்தினேன். எல்லோரும் குனிந்து தண்ணீர் தொட்ட இடத்தில் கோடு போட்டார்கள். தெரு முழுக்க ரோஸ், சிவப்பு, ஊதா. ஒரு வீட்டில் மினுமினுப்பு வைத்த பச்சை. யாரோ வானத்தைப் பார்த்துக் கையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

போட்டோ எடுத்துக்கொண்டே போனபோது எனக்கு ஒன்று உறுத்தியது. கல்யாண வீடியோவில் தண்ணீர் கணுக்கால் அளவு. இப்போது தொடை. போன வருடத்தைவிட மழை அப்படியொன்றும் அதிகமில்லை என்று முருகையனே சொன்னார்.

அந்த நேரம் பார்த்து, தெருக்கோடியிலிருந்து குணசேகரனின் குரல். "மேடம்! வந்து பாருங்க மேடம்! செருப்பு நனையுதான்னு பாருங்க!"

தன் மனையின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். நீந்தாத குறையாகப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை, செருப்பு நனையவில்லை. சமப்படுத்திய மணல், மேசை மாதிரி. கீழவாஞ்சூர் திடலை ஏமாந்து ஏரி என்று சொன்ன அதே ரேடார்தான் இதையும் தண்ணீர் என்று சொல்லியிருக்கிறது.

"நீங்க சொன்னதுதான் சரிங்க. செவப்ப எடுத்துடுறேன்" என்றேன்.

அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "கேட்டுக்குங்கப்பா! மேடமே சொல்லிட்டாங்க!" என்று தெருவைப் பார்த்துக் கூவினார்.

அப்போது நான் அவருடைய மனைக்குப் போகும் மண்பாதையில் நின்றுகொண்டிருந்தேன். லாரி வருவதற்காக வாய்க்காலுக்குக் குறுக்கே மண்ணைக் கொட்டி, அடியில் ஒரே ஒரு சிமெண்டுக் குழாய் வைத்துப் போட்ட பாதை. இடது பக்கம் தெருத் தண்ணீர் பாதையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. வலது பக்கம் எட்டிப் பார்த்தேன். வாய்க்காலின் அடிமண் தெரிந்தது. குழாயிலிருந்து கை கழுவுகிற அளவுக்குத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

அளவுகோலை இடது பக்கம் விட்டேன். பிறகு வலது பக்கம் விட்டேன். எனக்குப் பின்னால் வந்திருந்த தெருக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். குணசேகரனும் பார்த்தார்.

முருகையன் வீட்டுக்குப் போய்க் கடப்பாரையோடு வந்தார்.

"என் பாதைல கை வச்சீங்க..." என்று குணசேகரன் ஆரம்பித்தார். முடிக்கவில்லை. முருகையனும் நின்றுவிட்டார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"மத்தியானம் கடல் ஏறும். ஏறிட்டா இந்த வாய்க்கால்லேர்ந்து தண்ணி கீழ போகாது. அதுக்குள்ள தெறந்தா இன்னிக்கே வடிஞ்சிடும். இல்லன்னா ரெண்டு மூணு நாள் இங்கயே நிக்கும்."

"ரெண்டு நாள் நின்னா பயிரு அழுவிடும்ண்ணே" என்றாள் செல்வி. சண்டை போடும் குரல் இல்லை. "வூட்டுக்குள்ளயும் வந்திடும். சித்தி கட்டில்லேர்ந்து எறங்கவே முடியாம ஒக்காந்திருக்கு. ஒங்கம்மாதான்."

"அப்ப நாளைக்கி என் தங்கச்சி வூட்டுக்கு வண்டி எப்புடிப் போவும்?" என்றார் அவர், யாரையும் பார்க்காமல்.

"தண்ணி போறாப்புல பெரிய கண்ணு வச்சுப் பாலமா போட்டுக்கலாம் தம்பி" என்றார் ஜபருல்லா நானா. "இப்ப இந்தா, டீயக் குடிங்க."

குணசேகரன் டீயை வாங்கிக் குடித்தார். பாதையைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முருகையனிடம் கையை நீட்டினார்.

"குடு மாப்ள. நானே வெட்டுறேன். அடுத்தவன் வெட்டுனா மனசு கேக்காது."

முதல் குத்தில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு முருகையன் மண்வெட்டி எடுத்து வந்தார். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒரு கட்டத்தில் மண் தானாகவே விட்டுக்கொடுத்தது. தண்ணீர் ஹோவென்று இறங்கிய வேகத்தில் ஜபருல்லா நானாவின் ஒரு செருப்பு அதோடு போனது. அவர் அதைத் துரத்திக்கொண்டு ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, காலையிலிருந்து இறுகிப்போயிருந்த குணசேகரன்கூடச் சிரித்துவிட்டார்.

மத்தியானத்துக்குள் தெரு வெறும் சேறாகியிருந்தது. சுவர்களில் நெயில் பாலிஷ் கோடுகள் மட்டும் தண்ணீர் இல்லாமல் உயரத்தில் நின்றன. கலாவின் அம்மா தன் கோட்டை யாரும் அழிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

செயற்கைக்கோளின் படம் சாயங்காலம் கிடைத்தது. அதில் வாய்க்கால்கரைத் தெரு வழக்கம்போல் பளீரென்று, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத இடமாக இருந்தது. தொடைத் தண்ணீரில் நின்றுகொண்டு நாங்கள் கையாட்டியது அதற்குத் தெரியவே இல்லை. குணசேகரனின் மனை கறுப்பு. இரண்டையும், கலர் கலரான கோடுகளின் போட்டோக்களோடு, மேலதிகாரிக்கு அனுப்பினேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இந்தப் பச்சையில் ஏன் மினுமினுப்பு இருக்கிறது?" தெருவைச் சிவப்பாக்கினேன். மனையை வெள்ளையாக்கினேன். பாதை திறந்தால் எப்படி, மூடினால் எப்படி என்று இரண்டு கணக்கும் போட்டு வைத்தேன். அடிக்குறிப்பைத் தூக்கி முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டேன்.

கிளம்பும் நாளில் குணசேகரன் வந்து ஒரு பெட்டி தம்ரூட் கொடுத்தார். ரவையும் நெய்யும் சேர்த்துச் செய்த இனிப்பு. காரைக்காலில் நல்ல கடையில் வாங்கியதாம். தன் மனை வெள்ளையாகிவிட்டதா என்று படத்தில் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பார்த்தவர் சும்மா இருக்காமல், "அக்கம்பக்கத்துல வேற வெள்ளையே இல்லியே?" என்றார்.

"இல்லீங்க. இந்தப் பக்கத்துலயே ஒசரமான எடம் ஒங்களுதுதான்."

அவர் தலையாட்டினார்.

கட்டடம் வாய்க்கால்கரைத் தெருவுக்கு அருகில்தான் வருகிறது என்று முடிவானபோது நான் கிள்ளானில் இருந்தேன். ஆனால் இடம் பார்த்து, கட்டி முடிக்க நாளாகுமே. அதற்குள் அடுத்த தாழ்வுநிலை வந்துவிட்டது. காரைக்காலில் பெருமழை என்று செய்தியில் பார்த்ததும் செல்விக்குப் போன் போட்டேன். வீடியோவில் குடைக்குக் கீழே அவள் முகம், பின்னால் மங்கலாக நிறைய உருவங்கள்.

"தண்ணி எப்புடி செல்வி? தெருவுல நிக்குதா?"

"கணுக்காலுக்கு வந்துச்சுக்கா, போயிடிச்சி. பாதை இன்னும் தெறந்துதான் கெடக்கு. ஆனாலும் பயமா இருக்குன்னு மாட்டயெல்லாம் மேட்டுல ஏத்திட்டோம். ஒங்க படத்துல வெள்ளையா இருக்குற எடம்."

"குணசேகரன் மனைலயா? அவரு ஒத்துக்கிட்டாரா?"

அவள் பதில் சொல்வதற்குள் மழைக்கு மேலே அவருடைய குரலே கேட்டது.

"ஏங்க, அந்தச் செவலைய வூட்டுக்கு எறக்குன செங்கல்லுகிட்ட கட்டாதீங்கங்க! முட்டித் தள்ளிடும்! இப்புடி உள்ள கொண்டாந்து கட்டுங்க, எடம் கெடக்கு!"